விட்டில் என்று எழுதாதீர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாலே மேடையில் உடை பற்றி எரிந்து இறந்த பெண்களைப் பற்றி எழுத வரும் யாருக்கும் ஓர் உவமை தயாராகக் காத்திருக்கிறது: விளக்கைத் தேடிப்போய் விழுந்த விட்டில். லண்டனில் கிளாரா வெப்ஸ்டர், பாரிஸில் எம்மா லிவ்ரி, ஃபிலடெல்பியாவில் கேல் சகோதரிகள் என்று ஊரும் பெயரும் மாறும். சொல்லும் கதை மாறுவதில்லை. மெல்லிய வெள்ளைப் பாவாடை, அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை, எச்சரித்தும் கேளாத பிடிவாதம், முடிவில் நெருப்பு. லிவ்ரியின் விஷயத்தில் இந்த உவமைக்கு இன்னும் வசதி அமைந்துவிட்டது. 1860-இல் அவருக்காகவே நடனக் கலைஞர் மரீ தக்லியோனி அமைத்துக்கொடுத்த பாலேயின் பெயர் ‘வண்ணத்துப்பூச்சி’. அதில் நாயகியின் சிறகு தீப்பந்தத்தில் கருகும். இரண்டு ஆண்டு கழித்து ஒத்திகையில் அவரே எரிந்தபோது, கதையும் வாழ்வும் ஒன்றாகிவிட்டதாக எழுதத் தொடங்கியவர்கள் இன்றுவரை நிறுத்தவில்லை. நாகரிக மோகத்துக்குப் பலியானவர்களின் பட்டியல் எங்கே வெளிவந்தாலும், ஆர்செனிக் கலந்த பச்சைச் சாயத்துக்கும் இறுக்கிக் கட்டிய கார்செட்டுக்கும் பக்கத்தில் பாலே பாவாடையும் இடம்பெறுகிறது. அந்தப் பட்டியலில் இந்தப் பெண்களைச் சேர்ப்பதே தவறு என்பது என் வாதம். அலங்கார ஆசை அவர்களைக் கொல்லவில்லை. வேலை செய்த இடத்தில், வேலை நேரத்தில், அந்த வேலைக்கென்றே வகுக்கப்பட்ட உடையில், அரங்கத்தை நடத்தியவர்கள் மூடாமல் விட்ட விளக்கால் அவர்கள் செத்தார்கள்.

அந்த உடை எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1832 மார்ச்சில் பாரிஸ் ஓபராவில் ‘லா சில்ஃபீட்’ பாலே அரங்கேறியபோது தக்லியோனி அணிந்த வெள்ளை உடையைத்தான் எல்லோரும் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அதை வடிவமைத்தவர் ஓவியர் யூஜீன் லாமி என்பது வழக்கமான கூற்று. இடுப்போடு ஒட்டிய மேற்சட்டை. கவிழ்த்த மணிபோலக் கெண்டைக்கால்வரை விரியும் பாவாடை. கதையின் நாயகி காற்றில் வாழும் ஒரு தேவதை, மந்திரச் சால்வை பட்டுச் சிறகு உதிர்ந்து இறப்பவள். அவளுக்கு எடை இருப்பதாகப் பார்ப்பவருக்குத் தோன்றவே கூடாது. கால்விரல் நுனியில் நிற்கும் புதிய ஆட்டமுறை பாதி வேலையைச் செய்தது. மீதியைச் செய்தது துணி. ஆடுபவள் தாவி இறங்கிய பிறகும் பாவாடை ஒரு கணம் மேலேயே தங்கி, பிறகு மெல்லத் தணியும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் மக்கள் சீட்டு வாங்கினார்கள். கம்பளியோ கனத்த பட்டோ அதைச் செய்யாது. ஜான் ஹீத்கோட் 1809 வாக்கில் உருவாக்கிய எந்திரத்தால் வலைத்துணி மலிந்திருந்தது. இழை விட்டு நெய்து கஞ்சி ஏற்றிய பருத்தித் துணியான டார்லட்டனும் எளிதில் கிடைத்தது. இவற்றை அடுக்கடுக்காக வைத்துத் தைத்தார்கள். பருத்தி இழை, அடுக்குகளுக்கிடையே காற்று, மேலே கஞ்சி. தீ பற்றினால் நொடிகளில் இடுப்புக்கு மேல் ஏறிவிடும். இந்த ஆபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துணியைத் தேர்ந்தெடுத்தவர் யார்? கதை எழுதியவர், நடனம் அமைத்தவர், உடை வரைந்தவர், அரங்க நிர்வாகி, எடையற்ற பறத்தலைப் பாராட்டிப் பத்திரிகையில் எழுதிய விமர்சகர், காசு கொடுத்துப் பார்த்தவர். பின்வரிசையில் ஆடிய பெண்ணிடம் எந்தத் துணி வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆல்பர்ட் ஸ்மித் 1847-இல் லண்டன் பாலே பெண்களைப் பற்றி எழுதிய சிறு நூல் கேலி நடையில் அமைந்ததுதான். ஆனாலும் அதில் தெரிவது பகலெல்லாம் ஒத்திகை, இரவெல்லாம் ஆட்டம், சொற்பக் கூலி, நெடுந்தூரம் நடந்து வீடு சேரும் களைப்பு. ஆடம்பரத்தில் திளைத்த பெண் யாரும் அதில் இல்லை.

இனி அந்த உடை எந்த இடத்தில் ஆடியது என்று பார்ப்போம். லண்டனின் பெரிய அரங்கங்களான ட்ரூரி லேனும் கோவென்ட் கார்டனும் 1817-இல் கேஸ் விளக்குக்கு மாறின. எண்ணெய் விளக்கைவிட அது பன்மடங்கு ஒளி தந்தது. குழாயைத் திருகினால் கூட்டலாம், குறைக்கலாம். நிலவொளியில் தேவதைகள் தோன்றும் பாலே இத்தனை செழித்ததற்கு அந்த வசதியும் ஒரு காரணம். ஆனால் அன்றைய கேஸ் விளக்கு என்பது திறந்த சுவாலை. மேடை விளிம்பில் தரையோடு ஒரு வரிசை, இருபுறமும் பக்கத்திரைகளுக்குப் பின்னால் செங்குத்தாகச் சில வரிசைகள், தலைக்குமேல் தொங்கும் வரிசைகள், காட்சிக்கேற்பத் தரையில் மறைத்து வைக்கும் தனி விளக்குகள். பக்கத்திரை இடுக்கு வழியாகத்தான் ஆடுபவர்கள் உள்ளே ஓடிவர வேண்டும், அதே வழியாகத்தான் வெளியேற வேண்டும். கைகளை விரித்து நின்றால் பாவாடை விளிம்புக்கும் சுவாலைக்கும் இடையே மிச்சமிருக்கும் தூரம் மிகச் சொற்பம். பாண்டமைம் என்ற கிறிஸ்துமஸ் காலக் கேளிக்கை நாடகங்களில் நிலைமை இதைவிட மோசம். 1849-இல் லைசியம் அரங்கில் பிளாஞ்சே எழுதிய ‘மணிகளின் தீவு’ நாடகத்துக்கு வில்லியம் பெவர்லி அமைத்த உருமாற்றக் காட்சி பெரும் வெற்றி பெற்றது. அதன் பிறகு ஒவ்வோர் அரங்கமும் அதை மிஞ்சப் பார்த்தது. இலைகள் விரிந்து, மேகங்கள் விலகி, உயரே உயரே தேவதைகள் தோன்றுவார்கள். அந்தத் தேவதைகள் இரும்புச் சட்டங்களில் கட்டி நிறுத்தப்பட்ட பெண்கள். தலைக்கு மேலும் பக்கத்திலும் கேஸ் எரியும். கீழே இருப்பவர்கள் அவிழ்த்து இறக்கினால் ஒழிய அவர்களால் இறங்க முடியாது. இரும்பில் கட்டப்பட்டவளைப் பார்த்து, அவள் விளக்கை நாடிப் போனாள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கிளாரா வெப்ஸ்டரின் சாவை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாத் நகரில் 1821-இல் பிறந்தவர். வெளிநாட்டு நட்சத்திரங்களே ஆண்டுகொண்டிருந்த லண்டன் மேடையில் ஆங்கிலேயப் பெண் ஒருத்தி முதல்வரிசைக்கு வரக்கூடும் என்ற நம்பிக்கையைத் தந்தவர். 1844 டிசம்பர் 14 அன்று ட்ரூரி லேனில் ‘அந்தப்புரத்துக் கலகம்’ என்ற பாலேயின் குளியல் காட்சியில் ஆடிக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு ஒளியூட்டுவதற்காக மேடைத் தளத்தில் பதித்திருந்த விளக்கில் அவர் பாவாடை பட்டது. பற்றிய உடையோடு அவர் ஓடினார். ஓட ஓடத் தீ வளர்ந்தது. சுற்றியிருந்த பெண்கள் அதே துணியில் இருந்ததால் நெருங்க முடியாமல் விலகினார்கள். மேடைத் தொழிலாளி ஒருவர்தான் அவரைக் கீழே தள்ளித் தீயை அணைத்தார். மூன்று நாள் கழித்து, 23 வயதில், அவர் இறந்தார். மரண விசாரணையில் விபத்து என்று முடிவானது. இந்தச் சம்பவத்தில் ஆசைக்கும் பிடிவாதத்துக்கும் எங்கே இடம் இருக்கிறது? அவர் எந்தப் பாதுகாப்பு உடையையும் மறுக்கவில்லை. அப்படி ஒன்றை யாரும் அவருக்குத் தரவில்லை. விளக்கு இருந்த இடத்தை முடிவு செய்தவர் அவரில்லை. நீர்விளையாட்டு ஆடும் பெண்கள் கூட்டத்தின் காலடியில் திறந்த சுவாலையை வைக்கலாம் என்று ஒருவர் தீர்மானித்தார். அது கண்ணுக்கு அழகாக இருக்கும் என்று இன்னொருவர் ஒப்புக்கொண்டார். விசாரணை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். பலியானவரின் பாவாடை மட்டும் நூற்றெண்பது ஆண்டுகளாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

அதே 1844-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் என்ன செய்தது என்பதைப் பக்கத்தில் வைத்தால் இந்த அநியாயம் துலங்கும். அந்த ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் சுழலும் சக்கரங்களையும் தண்டுகளையும் தடுப்பு வைத்து மூட வேண்டும் என்று முதலாளிகளுக்குக் கட்டளையிட்டது. காரணம், ஆலைப் பெண்களின் பாவாடையும் கூந்தலும் சிறுவர்களின் சட்டையும் சுழலும் தண்டில் சிக்கி உடல்கள் நசுங்கிக்கொண்டிருந்தன. பாவாடையைக் குட்டையாக்கு என்று அந்தச் சட்டம் பெண்களிடம் சொல்லவில்லை; எந்திரத்தை மூடு என்று முதலாளியிடம் சொன்னது. முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவுதான் என்று வாதாடினார்கள்; 1855-இல் அதற்கென்றே ஒரு சங்கம் அமைத்துப் போராடினார்கள். சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ வார இதழ் அவர்களைக் கடுமையாகத் தாக்கியது. இன்று அந்தச் சண்டையைப் படிக்கும் எவரும் ஆலை முதலாளியின் பக்கம் நிற்பதில்லை. ஆலையில் பாவாடை சிக்கிச் செத்தவளைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்கிறோம். மேடையில் பாவாடை எரிந்து செத்தவளை மட்டும் மோகத்தின் பலி என்கிறோம். இருவரும் கூலிக்கு வேலை செய்தவர்கள். நாடக அரங்கம் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு லிவ்ரியின் கடிதத்தை எடுத்துக் காட்டும். அவர்களிடம் உள்ள மிக வலுவான ஆதாரம் அதுதான். அதைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராகவே எதிர்கொள்கிறேன். 1859-இன் இறுதியில் மூன்றாம் நெப்போலியனின் அரசு, காட்சித் திரைகளையும் உடைகளையும் கார்த்தெரோன் என்பவரின் முறைப்படி தீப்பிடிக்காதவாறு பதப்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. அடுத்த ஆண்டு லிவ்ரி ஓபரா நிர்வாகிக்கு எழுதினார்: முதல் காட்சிகளில் வழக்கமான பாவாடையிலேயே ஆடுவேன், ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு என்னுடையது என்பது அதன் சாரம். 1862 நவம்பர் 15 அன்று ‘போர்த்திச்சியின் ஊமைப் பெண்’ ஓபராவின் ஒத்திகையில், உட்காரும்போது கசங்கிவிடக் கூடாதென்று அவர் பாவாடையை உதறி உயர்த்தினார். அந்தக் காற்றில் பக்கத்து கேஸ் சுவாலை எகிறித் துணியைப் பற்றியது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலையில், 21 வயது நிறைவதற்கு முன்பே இறந்தார். அவரே மறுத்தார், அவரே பொறுப்பேற்றார், பிறகு யாரைக் குற்றம் சொல்வது என்று கேட்கிறார்கள். என் பதில் இது. அந்தக் கடிதம் எழுதியபோது லிவ்ரிக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. 21 நிறைந்தால்தான் ஒருவரை வயதுவந்தவராக அன்றைய பிரெஞ்சுச் சட்டம் ஏற்றது. தன் உயிரின் பொறுப்பைத் தானே ஏற்பதாக அந்தப் பெண் எழுதித் தந்ததை நாட்டின் முதன்மை அரங்கம் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டது. கையில் அரசாணை இருந்தது. பதப்படுத்தாத உடையோடு மேடையேறக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லும் அதிகாரமும் இருந்தது. சொல்லவில்லை. முதல் காட்சியின் வெற்றி அரங்கத்துக்கும் தேவைப்பட்டது. கடிதத்தில் இருப்பது ஒரு பெண்ணின் பிடிவாதம் என்றால், அதை ஏற்றுக்கொண்டதில் இருப்பது ஒரு நிறுவனத்தின் கைகழுவல். இன்னொன்றையும் கேட்க வேண்டும். உடையைப் பதப்படுத்தச் சொல்லும் ஆணையைக் கையில் வைத்திருந்த அரங்கம், ஆடுபவர்கள் உட்கார்ந்து எழும் இடத்திலிருந்த சுவாலையை ஏன் மூடவில்லை? விளக்குக்குக் கம்பிக்கூண்டு போட லிவ்ரியின் சம்மதம் தேவைப்படவில்லையே.

பதப்படுத்தும் முறையைப் பற்றியும் தெளிவு வேண்டும்; ‘விஞ்ஞானம் மருந்தை நீட்டியது, பெண்கள் தட்டிவிட்டார்கள்’ என்ற பேச்சு அதை அறியாமல் எழுவது. பிரெஞ்சு வேதியியலாளர் கே-லூசக் அரங்கத் துணிகளுக்காகவே ஆராய்ந்து, அம்மோனியம் பாஸ்பேட், வெண்காரம் போன்ற உப்புகள் பருத்தியைச் சுவாலைவிட்டு எரியாமல் காக்கும் என்று 1821-இலேயே வெளியிட்டார். லண்டனில் வெர்ஸ்மன், ஓப்பன்ஹைம் என்ற இருவர் 1859-இல் பல உப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து, இஸ்திரிச் சூட்டைத் தாங்குவது சோடியம் டங்ஸ்டேட் ஒன்றே என்று கண்டார்கள். விக்டோரியா மகாராணியின் சலவைக்கூடத்தில் அது சோதிக்கப்பட்டது. அறிவு இருந்தது, மெய்தான். ஆனால் இந்த உப்புகள் எல்லாம் நீரில் கரைபவை. ஒரு சலவையில் போய்விடும். திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றிய துணி விறைக்கும், மங்கும், எடை கூடும். மேலே சொன்ன அந்த ஒரு கணம், துணி காற்றில் தங்கும் கணம், அதில் இல்லாமல் போகும். ஆடுபவளின் பிழைப்பே அந்தக் கணத்தில்தான் இருந்தது. அசையாத பாவாடையில் ஆடித் தோற்றால் அடுத்த ஒப்பந்தம் யாருக்குக் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். உன் தொழிலைக் கெடுக்கும் உடையை நீ ஏற்றுக்கொள், நாங்கள் விளக்கை இப்படியே வைத்திருக்கிறோம் என்பதுதான் அவள் முன் வைக்கப்பட்ட பேரம். மறுத்தவளைப் பிடிவாதக்காரி என்பவர்கள் அந்தப் பேரத்தின் மறுபக்கத்தில் இருந்தவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. இங்கிலாந்திலோ இந்தப் பேரமும் கிடையாது. மகாராணியின் துணிகளில் சோதித்துப் பார்த்த உப்பைக் குழுப் பெண்களின் உடையில் ஏற்றுவது எந்த நிர்வாகிக்கும் கட்டாயமாக இருக்கவில்லை.

இன்றைய பாதுகாப்பு அளவுகோலை அந்தக் காலத்தின் மேல் வைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வைக்க வேண்டியதில்லை, அந்தக் காலத்தின் அளவுகோலே போதும். சுரங்கத் தொழிலாளிகளுக்காக ஹம்ஃப்ரி டேவி சுவாலையைக் கம்பிவலைக்குள் அடைத்த விளக்கை 1815-இல் செய்துவிட்டார், அதாவது கேஸ் விளக்கு லண்டன் மேடைக்கு வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே. வலை போட்டால் சுவாலை துணியைத் தொடாது என்பதை அறிய மேதைமை தேவையில்லை. 1863 ஜனவரியில் லண்டன் பிரின்சஸ் அரங்கில் பாண்டமைம் நடக்கையில் இன்னொரு நடனப் பெண் உடை பற்றி இறந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், அரங்கங்களுக்கு உரிமம் வழங்கும் லார்ட் சேம்பர்லின் அலுவலகம் விதிகளை வெளியிட்டது. நிலையான கேஸ் விளக்குகளுக்கெல்லாம் காப்பு இருக்க வேண்டும். பக்கத்திரை விளக்கு வரிசைகள் மேடைத் தளத்திலிருந்து குறைந்தது நாலடி உயரத்தில்தான் தொடங்க வேண்டும். ஈரக் கம்பளங்களும் தண்ணீர் வாளிகளும் பக்கத்திரைகளுக்கருகே எப்போதும் இருக்க வேண்டும். நாலடி என்ற அளவைக் கவனியுங்கள். அது பாவாடை விரியும் உயரத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி. ஆபத்து விளக்கில் இருக்கிறது என்பதும், அதை நகர்த்தினால் உயிர் தப்பும் என்பதும் ஆட்சியாளர்களுக்கே தெரிந்திருந்ததற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். கிளாரா வெப்ஸ்டர் இறந்து இருபது ஆண்டு கழித்து வந்தது இந்த விதி. வந்த பிறகும் அது எல்லோரையும் காக்கவில்லை. அல்ஹாம்ப்ரா போன்ற இசை அரங்குகளுக்கு உரிமம் தந்தவர்கள் நீதிபதிகள். அவை லார்ட் சேம்பர்லினின் கைக்கு அப்பால் இருந்தன. அந்தக் காலத்தில் பாலே மிகுதியாக நடந்ததோ அங்கேதான். 1868-இல்கூட ‘லான்செட்’ மருத்துவ இதழ் நடனப் பெண்களின் தீச்சாவுகளைக் கண்டித்து எழுத வேண்டியிருந்தது.

விளக்கின் மேல் விழ வேண்டிய பார்வை எங்கே போயிற்று? பாவாடையின் நீளத்தின் மேல் போயிற்று. 1869-இல் அதே லார்ட் சேம்பர்லின் அலுவலகம், பாண்டமைம் பெண்களின் உடை அடக்கமாக இல்லை என்று அரங்க நிர்வாகிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கால்நூற்றாண்டு கழித்து 1894-இல் லாரா ஆர்மிஸ்டன் சாந்த் என்ற சீர்திருத்தவாதி எம்பயர் அரங்கின் உரிமத்தை எதிர்த்து லண்டன் மாவட்ட மன்றத்தில் வாதாடியபோதும், அரங்கின் உலாவுமிடத்தில் நடந்த விபசாரத்தோடு மேடை உடையையும் சேர்த்தே குற்றம் சொன்னார். பாலே உடை என்றாலே அது ஒழுக்கப் பிரச்சினை என்று ஒரு சமூகம் முடிவு செய்துவிட்டால், அதே உடையில் ஒருத்தி எரியும்போது அதில் ஏதோ தண்டனைச் சாயலைத்தான் அது காணும். இரக்கப்பட்டவர்களும் அந்தச் சாயலிலிருந்து தப்பவில்லை. தப்பியவர்களில் ஒருவரை நன்றியோடு நினைக்கிறேன்: ஸ்டூவர்ட் ஹெட்லாம் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார். அரங்கத்தையும் நடனப் பெண்களையும் ஆதரித்துப் பேசியதற்காகத் திருச்சபைப் பணியை இழந்தவர். 1879-இல் திருச்சபைக்கும் மேடைக்கும் பாலமாக ஒரு சங்கம் தொடங்கியவர். அவர் கண்ணில் அந்தப் பெண்கள் விழுந்தவர்களும் அல்லர், தேவதைகளும் அல்லர். மதிப்புக்குரிய தொழில் செய்யும் உழைப்பாளிகள். அந்தப் பார்வை அன்றே சாத்தியமாக இருந்தது. இன்று நமக்கு அது கைகூடாததற்கு எந்தச் சாக்கும் இல்லை.

உடைதான் கொன்றது என்பவர்களின் கூற்றைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்தது. 1881-இல் அரங்க நிர்வாகி ரிச்சர்ட் டாய்லி கார்ட் லண்டனில் சவாய் அரங்கத்தைத் திறந்து, ஆண்டு முடிவதற்குள் பார்வையாளர் பகுதிக்கும் மேடைக்கும் முழுக்க மின்விளக்கு போட்டார். டிசம்பர் 28 அன்று மேடையில் வந்து நின்று, எரிந்துகொண்டிருந்த மின்குமிழ் ஒன்றை மெல்லிய மஸ்லின் துணியால் சுற்றி உடைத்துக் காட்டினார். துணி கருகக்கூட இல்லை. அவர் மஸ்லினைத் தேர்ந்தெடுத்ததற்குப் பொருள் இருக்கிறது. மேடையில் எது பற்றும் என்று கூடியிருந்த எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஆண்டு நவம்பரில் அதே மேடையில் ‘அயோலாந்தே’ என்ற இசைநாடகம் வந்தது. அதில் தேவதைகள் மெல்லிய உடையோடு, மின்கலத்தில் எரியும் சிறு விளக்குகளைத் தலையிலேயே சூடிக்கொண்டு வந்தார்கள். நாற்பது ஆண்டு முன்பு காலடியில் இருந்து கொன்ற வெளிச்சம் இப்போது கூந்தலில் ஏறியது, எவரும் சாகவில்லை. உடை மாறவில்லை; கஞ்சியும் வலையும் அடுக்கும் அப்படியே தொடர்ந்தன. இத்தாலிய நட்டுவ மரபிலிருந்து வந்த ஆட்டக்காரிகள் பாவாடையை இன்னும் வெட்டி, இடுப்பிலிருந்து தட்டையாக விரியும் டுட்டுவாக்கினார்கள்; வலையின் அடுக்குகள் கூடவே செய்தன. பருத்தி வலை அதே பருத்தி வலைதான். மின்விளக்கு அரங்கம் அரங்கமாகப் பரவப் பரவ மேடை உடை பற்றிய சாவுகள் அருகின. குற்றம் உடையில் இருந்திருந்தால் சாவுகளும் உடையோடு தொடர்ந்திருக்க வேண்டும்.

பாவாடை குட்டையானதால் தரை விளக்கிலிருந்து விலகிவிட்டது, அதுதான் காத்தது என்று ஒருவர் சொல்லலாம். லிவ்ரி எரிந்தது தரை விளக்கால் அல்ல என்பதே அதற்குப் பதில். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. வீட்டிலிருந்த பெண்களும் இதே காலத்தில் இப்படியே எரிந்தார்களே: அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவின் மனைவி 1861-இல், ஆஸ்திரிய இளவரசி மடில்டா 1867-இல், ஆஸ்கர் வைல்டின் மாற்றுத்தாய்ச் சகோதரிகள் இருவர் 1871-இல் அயர்லாந்தில் ஒரு விருந்தில். அங்கே முதலாளி யாரும் இல்லை. உடை பொதுக் காரணம் ஆகிறதல்லவா? ஆகிறது, ஓரளவுக்கு. மெல்லிய பருத்தியும் திறந்த நெருப்பும் சேர்ந்தால் வரவேற்பறையிலும் சாவுதான். ஆனால் வீட்டுப் பெண் கணப்படுப்பிலிருந்து விலகி உட்கார முடியும், அடுப்புக்கு முன் தடுப்பு வைக்கச் சொல்ல முடியும், அன்று மாலை வேறு உடை உடுத்த முடியும். மேடைப் பெண்ணுக்கு இந்த மூன்றும் இல்லை. எந்தச் சுவாலையிலிருந்து எத்தனை அடியில் நிற்க வேண்டும், எந்தத் தாளத்தில் அதைக் கடந்து ஓட வேண்டும் என்பதெல்லாம் இன்னொருவர் வகுத்தது. மீறினால் கூலி போகும். இரண்டு சாவையும் ஒன்றாக்கி ‘நாகரிகத்தின் பலி’ என்பது, இந்த வேறுபாட்டை அழிப்பது.

சட்டம் கடைசியில் கடுமையானது எப்போது என்பதையும் சொல்ல வேண்டும். 1887 செப்டம்பரில் எக்ஸ்டர் நகரின் ராயல் அரங்கில் மேடை விளக்கின் சுவாலை காட்சித் துணியைப் பற்றி 186 பேர் இறந்தார்கள். அங்கேயும் முதலில் பற்றியது மெல்லிய துணிதான். ஆனால் துணியை யாரும் குற்றம் சொல்லவில்லை. கட்டடத்தையும் வாசல்களையும் விளக்கையும் நிர்வாகத்தையும் குற்றம் சொன்னார்கள், பாதுகாப்புத் திரை முதலிய ஏற்பாடுகள் வற்புறுத்தப்பட்டன. இறந்தவர்கள் சீட்டு வாங்கி வந்த மக்கள் என்பதால் காரணம் சரியாகவே தேடப்பட்டது. சம்பளம் வாங்கி ஆடியவர்கள் ஒவ்வொருவராக எரிந்த நாற்பது ஆண்டுகளில் அந்தத் தேடல் அரைகுறையாகவே நின்றது.

பாலேயின் வரலாற்றை எழுதுபவர்களுக்கும், பழைய உடைகளைக் காட்சிக்கு வைத்துக் குறிப்பு எழுதுபவர்களுக்கும், அவற்றைப் பார்த்துத் தமிழில் எழுதும் நமக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். லிவ்ரியின் உடையில் எரியாமல் மிஞ்சிய துணுக்குகள் பாரிஸ் ஓபராவின் நூலக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுதும்போது, அவர் எழுதிய கடிதத்தோடு அதை வாங்கிக்கொண்ட நிர்வாகத்தையும், கையில் இருந்தும் செயல்படாத அரசாணையையும், கூண்டு போடாத அந்த விளக்கையும் சேர்த்து எழுதுங்கள். கிளாரா வெப்ஸ்டரைப் பற்றி எழுதினால், அவர் இறந்த ஆண்டில் ஆலைத் தண்டுகளுக்குத் தடுப்பு வைக்கச் சொல்லிச் சட்டம் வந்ததையும் எழுதுங்கள். விட்டில் பூச்சியை விட்டுவிடுங்கள்.